கடற்கரைப் பக்கம் யெஸ்டி ஓட்டியவர்கள் எழுதுங்கள்

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து:

மைசூரில் யெஸ்டி மோட்டார் சைக்கிளைச் செய்த ஐடியல் ஜாவா நிறுவனம் 1996இல் உற்பத்தியை நிறுத்தியது. அதன் பிறகும் உச்சிப்புளி, தேவிபட்டினம் சாலைகளில் அந்த இரட்டைச் சைலன்சர் சத்தம் வெகுகாலம் கேட்டது. என் பெரியப்பாவிடம் ஒரு 250 சி.சி. யெஸ்டி இருந்தது. 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை இராமேசுவரம் போக ரயில் அல்லது படகுதான். பாலம் வந்ததும் பெரியப்பா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நடுப்பாலத்தில் காற்று ஆளையே தள்ளியது, வண்டி அசையவில்லை. அப்படிக் கனத்த இரும்பு. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

என் அத்தா ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஜாவா, யெஸ்டி என்றால் எங்கிருந்தாலும் அவரிடம்தான் வரும். 1961இல் செக்கோஸ்லோவாக்கிய ஜாவாவின் உரிமத்தோடு மைசூரில் தொடங்கிய வண்டி, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வந்தது. பெயர் மாறினாலும் அடிப்படை அதேதான் என்பார் அத்தா. உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கரை உள்ளே அழுத்தி முன்பக்கம் திருப்பினால் அதுவே கியர் லிவர். இன்னொரு அருமை பலருக்குத் தெரியாது: கியர் லிவரைக் காலால் அழுத்தினாலே கிளட்ச் தானாக விலகிவிடும். எங்கள் உப்புக் காற்றில் கேபிள் துருப்பிடித்து அறுவது வழக்கம். ஒருமுறை ஏர்வாடியிலிருந்து திரும்பும்போது கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. அத்தா காலாலேயே கியரை மாற்றி, எங்கும் தள்ளாமல், வீடுவரை ஓட்டிக்கொண்டு வந்தார். இப்படி யோசித்துச் செய்த இயந்திரத்தை நான் வேறு பார்த்ததில்லை.

தீப்பொறிக்கான மின் இணைப்பைத் திறந்து மூடும் பாயின்ட்டில் பச்சை பிடிக்கும், உப்புத்தாளால் தேய்த்தால் போதும். சைலன்சரில் கரி அடைத்தால் வேகம் செத்துவிடும், கழற்றிச் சுட்டு எடுப்போம். எல்லாம் கையில் இருக்கும் சாமான்களோடு முடிகிற வேலை.

தொண்டியிலிருந்து:

நானும் அந்த வண்டியின் பிரியன்தான். ஆனாலும் அது ஏன் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. யெஸ்டி போல இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் அல்ல, நான்கு ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், ஒரு லிட்டருக்கு ஓடுகிற தூரமும் கூட. மீன் வியாபாரத்துக்கு விடியுமுன் கிளம்புகிறவர் பெட்ரோல் கணக்குத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மைசூரில் தொழிலாளர் தகராறும், இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வந்த புகைக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. 2022இல் அதே பெயரில் புது வண்டி வந்திருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக். நல்ல வண்டிதான், ஆனால் எனக்கு அது வேறு வண்டி.

ஜூலை இரண்டாம் ஞாயிறு, ஜாவா, யெஸ்டிப் பிரியர்கள் கூடும் ஜாவா தினம். கீழக்கரைக்காரரே, உங்கள் அத்தாவையும் அழைத்துக்கொண்டு தேவிபட்டினம் வாருங்கள். நான் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவேன். என் வண்டியின் கிக்கர் திரும்பி வராமல் நின்றுவிடுகிறது, அவர் ஒருமுறை பார்த்தால் நல்லது.