திருப்பொற்சுண்ணம் கேட்டால் அழுகை வருகிறது: உங்களில் யாருக்காவது இப்படி உண்டா?

பூவரசு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இப்போது சென்னையில் வசித்து வருகிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு திருவாசக முற்றோதலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காலையில் சிவபுராணத்தில் தொடங்கி 51 பதிகங்களையும் பொழுது சாய்வதற்குள் பாடி முடிக்கிறார்கள். எனக்கு அது புது அனுபவம், நன்றாகவே இருந்தது.

ஒன்பதாவது பதிகம் திருப்பொற்சுண்ணம். அது தொடங்கப் போகிறது என்றதும் கூடத்தில் ஒரே கலகலப்பு. நடுவில் உரலைக் கொண்டுவந்து வைத்தார்கள். சந்தனம் குங்குமம் வைத்துப் பூச்சுற்றிய உலக்கையைப் பெண்கள் மாற்றி மாற்றி வாங்கி மஞ்சள் இடித்தார்கள். "முத்துநல் தாமம்பூ மாலை தூக்கி" என்று முதல் அடி எழும்பியதுமே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா முதுகைத் தடவிக்கொடுத்து, "கொடுத்து வைத்தவள், உனக்கு இந்தப் பாட்டிலேயே உருகிவிட்டது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஊரில் இந்தப் பாட்டை நாங்கள் செத்தவீட்டில்தான் கேட்போம். முற்றத்தில் பந்தல் போட்டு, கும்பம் வைத்து, குளிப்பாட்டிய உடலைக் கிடத்தியிருப்பார்கள். உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் இடிபடும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி நிற்பார்கள். அம்மம்மாவுக்குப் பந்தம் பிடித்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. தடியின் நுனியில் வெள்ளைத் துணி சுற்றி நெய்யில் தோய்த்த பந்தம் அது. உருகிய நெய் தடி வழியே இறங்கி மணிக்கட்டில் சுட்டது. அசையக் கூடாது என்று மாமா கண்ணாலேயே சொன்னார். பாடுகிற ஐயா ஒவ்வொரு பாட்டையும் "ஆடப்பொற் சுண்ணம் இடித்து நாமே" என்று இழுத்து முடிப்பார். அந்த "நாமே"யில் உலக்கை விழும். உடனே பெண்கள் இருந்த பக்கம் அழுகை ஒரு தரம் எழும்பி அடங்கும்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து 20 பாட்டையும் வாசித்தேன். மாலை கட்டித் தொங்கவிடுங்கள், முளைக்குடம் வையுங்கள், விளக்கேற்றுங்கள், பல்லாண்டு பாடுங்கள். தேடிப் பார்த்தும் சாவைப் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை. அப்படியானால் பாட்டில் இல்லாத துக்கம் எனக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? இங்கே இருப்பவர்களைப் போல இதை மங்கலப் பாட்டாகக் கேட்க என்னால் முடியுமா, இல்லை அடுத்த தடவை அந்த நேரத்தில் வெளியே போய் நின்றுவிடுவதுதான் நல்லதா?

முற்றோதல் அன்பன் எழுதியது:

அம்மா, தயவுசெய்து வெளியே போய்விடாதீர்கள். முற்றோதலில் அழுதவர்களை யாரும் வேற்றாளாகப் பார்ப்பதில்லை. எங்கள் குழுவில் நீத்தல் விண்ணப்பம் பாடும்போது குரல் உடையாதவர்கள் குறைவு. எனக்கு அதற்கும் முன்னால், திருச்சதகத்திலேயே வந்துவிடும். "யானே பொய் என்நெஞ்சும் பொய் என்அன்பும் பொய்" என்று மூன்று பொய்யையும் அடுக்கிவிட்டு, "ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே" என்கிறார் மாணிக்கவாசகர் பாருங்கள், அந்த "ஆனால்" வரும்போது புத்தகத்தில் எழுத்து மங்கிவிடும்.

திருப்பொற்சுண்ணம் எங்களுக்குக் கல்யாண வீட்டுக் குதூகலம். தில்லையில் அருளியது, இறைவன் திருமஞ்சனத்துக்கு வாசனைப் பொடி இடிக்கும் பெண்கள் பாடுவதாக அமைந்தது. அதை இறுதிச் சடங்கில் பாடுகிறார்கள் என்பது உங்கள் பதிவைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

தென்றல் எழுதியது:

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு மங்கலமான பதிகத்தைத் துக்க வீட்டில் பாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கென்று வேறு பதிகங்கள் இல்லையா? சின்ன வயதில் மனதில் அப்படிப் பதிந்துவிட்டால் அப்புறம் எப்படி அழிப்பது?

வயலின் டீச்சர் எழுதியது:

இசைப் பக்கத்திலிருந்து கொஞ்சம். ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன ராகத்தில் பாடுவதுதான் வழக்கம். முற்றோதல்களிலும் பெரும்பாலும் அந்தச் சாயல்தான். மோகனத்தைப் போல வெளிச்சமான ராகத்தைக் காண்பது அரிது. இதை நான் வகுப்பில் செய்து காட்டுவதுண்டு. ச ரி க ப த என்று மோகனம் வாசித்துக்கொண்டே வந்து, மற்ற நான்கு சுரங்களையும் தொடாமல், காந்தாரத்தில் இருக்கும் விரலை மட்டும் அரைச் சுரம் பின்னால் இழுப்பேன். அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரம் ஆகிவிடும். சிவரஞ்சனி வந்து நிற்கும். ராகத்தின் பெயரே தெரியாத பிள்ளைகள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அழ வைக்கும் ராகம் என்று சினிமாவும் நமக்குச் சிவரஞ்சனியைப் பழக்கிவிட்டது.

1991ல் ஜான் ஸ்லொபோடா என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு ஆய்வு வெளியிட்டார். பாட்டின் எந்த இடத்தில் கண்ணீர் வருகிறது, எந்த இடத்தில் மயிர்க்கூச்செறிகிறது என்று கேட்டு, அந்த இடங்களை இசைக்குறிப்பில் தேடிப் பார்த்தார். கண்ணீர் வந்த இடங்களில் அடிக்கடி இருந்தது ஒரு சாய்வு. துணை சுரங்களோடு ஒட்டாத ஒரு சுரம் அழுத்தமாக வந்து, கொஞ்சம் தவிக்க விட்டு, பக்கத்துச் சுரத்தில் இறங்கி அமர்கிற இடம். அவர் பார்த்தது மேலை இசை. ஆனாலும் "நாமே" என்று இழுத்து இறக்குவதாக நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

இருந்தாலும் சுரத்தை வைத்து உங்கள் அழுகைக்கு முழுக் கணக்கும் தீராது. முற்றோதலில் நீங்கள் அழுதது முதல் அடியிலேயே. இறக்கம் வருவதற்குள்ளேயே அழுதுவிட்டீர்கள். காது ராகத்தை அடையாளம் கண்டுகொள்வதற்கு முன்னால் உலக்கைச் சத்தம் உங்களை அந்த முற்றத்துக்குக் கொண்டுபோயிருக்கும். தென்றல் கேட்பது போல இதை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியே போய் நிற்கவும் வேண்டாம்.

ஸ்கார்பரோ பெரியவர் எழுதியது:

பிள்ளை பூவரசு, நான் இந்தப் பாட்டைச் செத்தவீடுகளில் பாடுகிறவன். ஊரில் தகப்பனாரோடு போய்ப் பழகியது, இப்போது கனடாவில் கூப்பிடுகிறவர்களுக்குப் பாடுகிறேன். தென்றலுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் காரணம். திருமஞ்சனத்துக்குப் பொடி இடிக்கிற பாட்டு என்று அன்பர் சொன்னது சரி. அபரக்கிரியை என்கிற இறுதிச் சடங்கிலும் அதே வேலைதான் நடக்கிறது. உடலைக் குளிப்பாட்டி, சுண்ணம் இடித்து, அந்தச் சுண்ணத்தை இறந்தவருக்குச் சாத்துகிறோம். சுவாமிக்குச் செய்வதையெல்லாம் அன்றைக்கு ஒரு நாள் அந்த மனிதருக்குச் செய்கிறோம். மங்கலப் பாட்டைத் தெரியாமல் கொண்டுவந்து துக்க வீட்டில் புகுத்தியதல்ல. மங்கலமாக அனுப்ப வேண்டும் என்பதற்காகவே பாடுகிறது.

இரண்டாவது, 5ஆம் பாட்டைத் திரும்பவும் எடுத்துப் படியுங்கள். "அறுகெடுப்பார் அயனும் அரியும்" என்று தொடங்கும். அறுகு எடுக்கிற உரிமை பிரமனுக்கும் திருமாலுக்கும்தான். இந்திரனும் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிற மற்றத் தேவர்களும் நமக்குப் பின்னால்தான் எடுக்கலாம், முன்னுக்கு வர விடமாட்டோம் என்று உரலைச் சுற்றி நிற்கிற பெண்கள் சொல்கிறார்கள். உங்கள் அம்மம்மாவின் முற்றத்து உரலில் கிடந்ததும் அறுகுதான். வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிட்ட ஆச்சிமார் எத்தனை பேருக்கு நான் இந்தப் பாட்டைப் படித்திருக்கிறேன்! அன்றைக்கு மட்டும் அவ ஆள்களுக்கு முன்னிடம், தேவர்கள் பின்வரிசையில். எந்த அவசரம் என்றாலும் இந்த ஒரு பாட்டை நான் விடுவதில்லை. இங்கே மண்டபத்தில் நேரம் குறித்துத் தருவார்கள், 20 பாட்டும் படிக்க வழியிராது. முதற் பாட்டு, ஐந்தாம் பாட்டு, கடைசிப் பாட்டு என்று சுருக்கிப் படிப்பேன். சில மண்டபங்களில் நெருப்புக்கு அனுமதி இல்லை. பேரப்பிள்ளைகள் கொளுத்தாத பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் உண்டு. ஆனால் "நாமே" வந்ததும் அவர்களுக்கும் உதடு துடிக்கும். வயலின் டீச்சர் சொன்ன இறக்கம் அங்கே வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

பாடுகிறவன் அழக் கூடாது. தகப்பனார் சொல்லித் தந்தது, முகங்களைப் பார்க்காதே, உலக்கையைப் பார். உலக்கை எழும்பும்போது மூச்சு, விழும்போது சொல். என் சொந்தத் தாயாருக்கும் அப்படித்தான் படித்து முடித்தேன்.

பூவரசு எழுதியது:

ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். 5ஆம் பாட்டு வந்ததும், "பொறு, அதை இன்னொருக்கால் வாசி" என்றார். அம்மம்மாவும் கடைசியாகச் சாப்பிட்டவர்தான், அதுவும் குசினிக் குந்தில் இருந்து. அவருக்காக இந்திரனைப் பின்னுக்கு நிற்கச் சொன்னார்கள் என்று தெரியாமலே இவ்வளவு காலம் அந்தப் பாட்டுக்குப் பயந்திருக்கிறேன்.

தென்றல், உங்கள் மேல் கோபமில்லை. நீங்கள் கேட்டதால்தான் ஐயா இவ்வளவு விளக்கமாக எழுதினார். அன்பர் ஐயா, அடுத்த முற்றோதலுக்கும் போகிறேன். அழுகை வந்தால் வரட்டும்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் ஊரில் பாடிய ஐயா காலமாகிவிட்டார். அவருக்குப் பிறகு அந்த மெட்டை அதே மாதிரிப் படிக்க ஆளில்லை என்று அம்மா சொல்கிறார். நான் தேடிப் பார்த்த பதிவுகள் எல்லாம் மோகனம்தான். ஸ்கார்பரோ ஐயா, உங்கள் தகப்பனார் படித்த மெட்டில் பதிந்து தர முடியுமா?

ஸ்கார்பரோ பெரியவர் எழுதியது:

தருகிறேன் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மகளின் போனில் 20 பாட்டும் பதிந்து இங்கேயே போடுகிறேன். 5ஆம் பாட்டை இரண்டு விதமாகப் படிக்கிறேன், உலக்கை வேகத்தில் ஒரு தரம், மண்டபத்தில் படிக்கிற மாதிரி இழுத்து ஒரு தரம். டீச்சர், கேட்டுவிட்டு அது எந்த ராகத்துக்குக் கிட்ட வருகிறது என்று சொல்லுங்கள். எனக்கு மெட்டுத்தான் தெரியும், ராகத்தின் பெயர் தகப்பனாரும் சொல்லித் தந்ததில்லை.