பெற்ற பிள்ளையைத் தலைமுழுகினாரே ஜான் ஆடம்ஸ், நியாயமா?

ஏட்டுச்சுவடி:
அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் பேச்சு வந்தாலே எல்லாரும் அவரும் மனைவி அபிகேலும் எழுதிக்கொண்ட கடிதங்களைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள், 1,100க்கு மேல் இருக்கிறதாம், எப்பேர்ப்பட்ட தாம்பத்தியம் என்று. நடு மகன் சார்லஸ் பெயரை யாரும் எடுப்பதில்லை. வக்கீலுக்குப் படித்தவன், குடியில் விழுந்து 1800 நவம்பர் 30 அன்று நியூயார்க்கில் செத்துப்போனான். வயது 30. அதற்கு முந்தின வருஷம் அக்டோபரில் மருமகள் சாலி வாய் திறந்து நிலைமையைச் சொல்ல, ஆடம்ஸ் அபிகேலுக்கு எழுதுகிறார்: அவனை நான் தலைமுழுகிவிட்டேன். பைபிளில் அப்பாவையே எதிர்த்துக் கிளம்பிய தாவீது ராஜாவின் மகன் அப்சலோமுக்காவது கொஞ்சம் லட்சியம் இருந்ததாம், இவன் வெறும் ஊதாரி, மிருகமாம். அப்புறம் மகன் முகத்தில் அவர் விழிக்கவே இல்லை. எனக்கு இந்த ஆளை மன்னிக்க மனசு வரவில்லை.

கடுக்காய்:
சார், குடிகாரனோடு குடித்தனம் நடத்தியவள் அந்த சாலி. கையில் இரண்டு பெண் குழந்தைகள். அண்ணன் ஜான் குவின்சி ஐரோப்பாவில் தூதராக இருந்தபோது தன் சேமிப்பை இவனை நம்பித்தான் ஒப்படைத்தான், அதையும் தொலைத்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்ட கடிதங்களுக்குப் பதில்கூடப் போடாமல் இருந்தான். இவனை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டுமா? ஆடம்ஸ் மகனைத்தான் தலைமுழுகினார், மருமகளையும் பேத்திகளையும் குவின்சி என்ற ஊரில் இருந்த தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியது அவர்தான்.

நிலாமுற்றம்:
கடுக்காய் அண்ணே, கதையைக் கடைசியிலிருந்து படிக்கிறீர்கள். 1779 நவம்பரில் சார்லஸுக்கு 9 வயது. அப்பா தூது போகிறார் என்று அண்ணனோடு இவனையும் கப்பலில் ஏற்றினார்கள். கப்பலில் ஓட்டை விழுந்து ஸ்பெயின் கரையில் ஒதுங்கியது, அங்கிருந்து குளிர்காலத்தில் கோவேறு கழுதை மேல் மலை தாண்டி பாரிஸ் வரை. அப்புறம் ஹாலந்தில் காய்ச்சல், அம்மா ஏக்கம். சரி போ என்று 1781இல் தெரிந்தவர் ஒருவரோடு ஊருக்கு அனுப்பினார்கள், அந்தப் பயணமே ஐந்து மாசத்துக்குக் குறையவில்லை. இதற்குப் பிறகு அவன் அப்பாவைப் பார்த்தது 1788இல். 11 வயதில் பிரிந்த பையன் 18 வயதில் பார்க்கிறான்! நடுவில் 1784இல் அம்மாவும் கப்பலேறிவிட்டாள், சார்லஸும் தம்பி தாமஸும் சித்தி வீட்டில். வளர்க்காத பிள்ளையைத் தலைமுழுக மட்டும் உரிமை எங்கிருந்து வந்தது?

கடுக்காய்:
அவர் என்ன ஊர் சுற்றவா போனார்? பிரிட்டனோடு சமாதானம் பேசவும், ஹாலந்தில் கடன் வாங்கவும் ஆள் வேண்டாமா? அதே அப்பாவுக்குப் பிறந்த மூத்தவன் 1825இல் ஜனாதிபதியாகவே ஆனான். குடி அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் இருந்தது என்பேன். அபிகேலின் கூடப்பிறந்த வில்லியம் குடித்தே அழிந்தான், தாமஸும் பின்னாளில் குடிதான். எல்லாவற்றுக்கும் அப்பன்மீதே பழியா?

ஏட்டுச்சுவடி:
மூத்தவனைக் காட்டாதீர்கள். 1794இல் அவனுக்கு அப்பா எழுதினது தெரியுமா? நீ தொழிலில் மட்டுமில்லை, நாட்டுக்கே தலைவனாக வரவில்லை என்றால் அதற்குக் காரணம் உன் சோம்பலும் பிடிவாதமும்தான் என்று. பெற்றவர் எழுதுகிற கடிதமா இது? அந்த ஜான் குவின்சி தன் பிள்ளைகளையும் இப்படித்தான் நெருக்கினார். மூத்த மகன் ஜார்ஜ் 1829இல், அப்பாவைப் பார்க்கப் போகிற வழியில், நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து செத்தான். அடுத்தவன் 1834இல், 31 வயதில். இரண்டு பேருக்கும் குடி.

சும்மா ஒருத்தன்:
குறுக்கே வருகிறேன். 1801 மார்ச்சில் ஜெஃபர்சன் அப்போதுதான் ஜனாதிபதி, ஆடம்ஸுக்கு வந்த ஒரு கடிதம் தவறி அவரிடம் போக, அவர் உள்ளே இருந்த தாள்களைப் பிரிக்காமல் அனுப்பிவைத்தார். ஆடம்ஸின் பதில்: நீங்கள் பிரித்துப் படித்திருந்தால் துக்கத்தில் இருக்கும் ஒரு தகப்பன்மீது இரக்கம் வந்திருக்கும், அது என் மகன் சாவைப் பற்றியது, ஒரு காலத்தில் என் கண்ணுக்கு இன்பமாக இருந்தவன் என்கிறார். தேர்தலில் தன்னைத் தோற்கடித்த ஆளிடம் போய் இதைச் சொல்கிறார். தலைமுழுகியவர் பேசுகிற பேச்சா இது?

நிலாமுற்றம்:
செத்த பிறகு எழுதினது அது. உயிரோடு இருந்தபோது? அபிகேலும் மகன்மேல் கோபத்தில்தான் இருந்தாள், ஆனாலும் 1800 நவம்பரில் வாஷிங்டன் போகிற வழியில் நியூயார்க்கில் நின்று, படுக்கையில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு, பேத்திகளில் ஒருத்தியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அவளால் முடிந்தது இவரால் ஏன் முடியவில்லை? இரத்தம், நாட்டுப்பணி எதுவும் இதற்குப் பதிலாகாது அண்ணே.

கடுக்காய்:
சரி, அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லைதான். ஆனால் சாலியை நினைத்துப் பார்க்காமல் இந்தக் கதையை சார்லஸின் கதையாக மட்டும் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.