மேலத்தெரு வீடு குழு: ஆச்சியின் பவுன்

சனி, காலை

செல்வி அத்தை: அடுக்களைப் பக்கம் ஓடு இன்னும் இரண்டு வரிசை சரிந்துவிட்டது. கைமரத்தையும் மாற்ற வேண்டும் என்கிறார் கொத்தனார். அம்மா லாக்கரில் இருந்த அந்த ஒற்றைப் பவுனை விற்றுச் செய்துவிடலாமா? எல்லாரும் சொல்லுங்கள்.

செல்வி அத்தை: [படம்] [படம்]

பாலு மாமா: [காலை வணக்கம், தாமரைப் பூ]

மீனா: ஆச்சி கழுத்தில் கிடந்ததா அத்தை?

செல்வி அத்தை: அதேதான்.

கார்த்தி: அத்தை விற்றுவிடாதீர்கள்!! 1918 என்று போட்டிருக்கிறது. யூடியூபில் இதே மாதிரிக் காசுக்கு 15 லட்சம் சொல்கிறான். அந்த நம்பருக்கு போட்டோ அனுப்பினேன். ரிசர்வ் வங்கி முத்திரையோடு பதில் வந்துவிட்டது. பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதுமாம்.

முருகேசன் சித்தப்பா: ஏலே கட்டிராதே!

முருகேசன் சித்தப்பா: ரிசர்வ் வங்கி பழைய காசை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. அதற்குக் கமிஷன், கட்டணம் எதுவும் கேட்பதும் இல்லை. 2021இலேயே அறிக்கை விட்டார்கள். முதலில் அந்த நம்பரை பிளாக் செய்.

மீனா: கார்த்தி 😂😂

கார்த்தி: இன்னும் கட்டவில்லை.

பெரியப்பா: வளையம் இருக்கே.

முருகேசன் சித்தப்பா: அண்ணன் சொல்வதுதான் விஷயம். பொறுமையாகப் படியுங்கள். இது இங்கிலாந்து சவரன், ஐந்தாம் ஜார்ஜ். புதிதாக அடித்தபோது எடை 7.988 கிராம், 22 காரட். அதில் சுத்தத் தங்கம் மட்டும் 7.32 கிராம். நூறு வருஷம் கைமாறிக் கழுத்தில் உரசியதில் கொஞ்சம் தேய்ந்திருக்கும். காசாக விற்பதா, தங்கமாக விற்பதா என்பதுதான் இப்போது கேள்வி. ராஜா தலைக்கு மேலே ஆசாரி வளையம் பற்ற வைத்த இடத்தில் விளிம்பு உருகியிருக்கிறது பாருங்கள். காசு சேர்ப்பவர்கள் இதை நகையில் இருந்து வந்த காசு என்று ஒதுக்கிவிடுவார்கள். கிடைத்தால் தங்க விலை, ஆள் நல்லவராக இருந்தால் அதற்கு மேல் கொஞ்சம்.

செல்வி அத்தை: அப்படியானால் வளையத்தை வெட்டிவிடச் சொல்லட்டுமா?

முருகேசன் சித்தப்பா: வேண்டாம் அக்கா. வெட்டி அரம் போட்டால் தழும்பு இன்னும் நன்றாகத் தெரியும். அப்படியே இருக்கட்டும்.

செல்வி அத்தை: நேற்று புளி போட்டுத் தேய்த்தேன். எப்படிப் பளபளக்கிறது பார்.

முருகேசன் சித்தப்பா: அக்கா!! தேய்க்கவே கூடாது. பொடிக் கீறல் விழும், அதற்கும் விலை குறைப்பார்கள்.

செல்வி அத்தை: அம்மா வருஷா வருஷம் பொங்கலுக்குத் தேய்த்ததுதானே.

மீனா: சித்தப்பா, இங்கே சிங்கப்பூரில் பழைய காசு வாங்கும் கடைகள் இருக்கின்றன. யாராவது வரும்போது கொடுத்துவிட்டால் நான் விசாரிக்கிறேன்.

முருகேசன் சித்தப்பா: கூடாதும்மா. நூறு வருஷம் தாண்டிய காசு 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் கணக்கு. வெளிநாடு கொண்டுபோக முடியாது. ஏர்போர்ட்டில் பிடித்தால் பவுனும் போய்விடும், கொண்டுவந்தவனும் உள்ளே போவான்.

மீனா: ஐயோ வேண்டாம்.

பாலு மாமா: வருஷத் திதிக்கு வேன் பேசியாச்சா? 12 பேர் வண்டியா 18 பேர் வண்டியா?

செல்வி அத்தை: முதலில் இதை முடிப்போம்.

கார்த்தி: சித்தப்பா, குதிரைக்குக் கீழே பெரிதாக்கிப் பார்த்தால் 'பி' என்று இருக்கிறது. பெர்த்தில் அடித்த காசுக்குத்தான் 'பி' என்று போட்டிருக்கிறான். ஆஸ்திரேலியா!

முருகேசன் சித்தப்பா: அது வலது ஓரத்தில் 'பி.பி.' என்று இருக்கும். குதிரை வீரனைச் செதுக்கிய பிஸ்ட்ரூச்சியின் பெயர் எழுத்து. இந்த மாதிரி ஐந்தாம் ஜார்ஜ் சவரனில் உண்டு. நீ பார்க்க வேண்டியது 1918க்கு நேர் மேலே, குதிரை நிற்கும் தரைக்கோட்டின் நடுவில். சிட்னி என்றால் எஸ், மெல்பர்ன் எம், பெர்த் பி. அங்கே என்ன இருக்கிறது?

கார்த்தி: ஒரு சின்னக் கோடு. 'ஐ' மாதிரி.

முருகேசன் சித்தப்பா: 'ஐ' என்றால் இந்தியா. அப்படியானால் நம் பம்பாய்க் காசு. முதல் உலகப் போர் நேரத்தில் கடல் வழியாகத் தங்கம் கொண்டுபோவது ஆபத்து என்று பம்பாயிலேயே அடித்தார்கள். 1918 என்ற ஒரே ஒரு வருஷம்தான். ஆனால் சுமார் 13 லட்சம் காசு அடித்ததால் அபூர்வம் என்று சொல்ல முடியாது. சவரன் அச்சு வந்து சேரும்வரை அதே எடையில் '15 ரூபாய்' என்று எழுதி ஒரு பொற்காசு அடித்தார்கள். அதற்குத்தான் சேர்ப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். அது நம்மிடம் இருந்திருந்தால் கதையே வேறு.

பெரியப்பா: அதில் குதிரை உண்டா?

முருகேசன் சித்தப்பா: கிடையாது அண்ணே. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா. மறுபக்கம் எழுத்தும் சுற்றிலும் பூ வேலையும்.

பெரியப்பா: அம்மாவிடம் இரண்டு இருந்தது. ஒன்றில் குதிரை கிடையாது.

செல்வி அத்தை: ராஜ்தூத்!!!

மீனா: ?

கார்த்தி: என்ன ராஜ்தூத்?

செல்வி அத்தை: 1986. உன் சித்தப்பா பைக் வாங்க அம்மாவிடம் கெஞ்சி ஒரு பவுனை வாங்கிப் போய் அடகு வைத்தார். மூன்று மாதத்தில் மீட்டுவிடுகிறேன் என்றார். மூழ்கிப்போயிற்று. அதற்குப் பிறகுதான் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவிலேயே வேலை கிடைத்தது!

மீனா: 😂😂😂

பாலு மாமா: அந்த வண்டியில்தான் என் கல்யாணத்துக்குப் பால் கேன் வந்தது. நல்ல வண்டி.

முருகேசன் சித்தப்பா: அது சாதாரணச் சவரன்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பெரியப்பா: பூ இருந்தது.

சனி, மாலை

செல்வி அத்தை: பஜாரில் கேட்டேன். வளையத்தோடு 8.240 கிராம். மெஷினில் வைத்தால் தரம் குறைவாகக் காட்டுகிறது, மொத்தமாக உருக்கித்தான் விலை போடுவேன் என்கிறார்.

முருகேசன் சித்தப்பா: எந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்? பற்ற வைத்த இடத்தில் வைத்தால் குறைவாகத்தான் காட்டும், அங்கே கலப்பு உலோகம். ராஜா கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளையத்துக்குத் தனி எடை, காசுக்குத் தனி எடை. உருக்க மட்டும் விடாதீர்கள், உருக்கிவிட்டால் அப்புறம் 1918ஆவது பம்பாயாவது. கழிவு எத்தனை சதவீதம், நகையாக மாற்றினால் ஒரு விலையா பணமாக வாங்கினால் ஒரு விலையா என்பதையும் கேளுங்கள். பணத்தை அக்கா கணக்கிலேயே போடச் சொல்லுங்கள்.

செல்வி அத்தை: இத்தனையையும் நான் போய்க் கேட்டால் கடைக்காரர் தண்ணீர்கூடத் தர மாட்டார். நீ வா.

முருகேசன் சித்தப்பா: முட்டி வலி அக்கா. போனில் போடுங்கள், நான் பேசுகிறேன்.

கார்த்தி: சென்னையில் நாணயக் கண்காட்சி நடக்கும்போது இரண்டு மூன்று பேரிடம் காட்டலாம். தங்க விலைக்கு மேல் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் லாபம்தானே?

செல்வி அத்தை: அதுவரை மழை நிற்குமா? செவ்வாய்க்கிழமை விற்றுவிடலாம்.

பெரியப்பா: செவ்வாய் தங்கம் வெளியே போகக் கூடாது.

பாலு மாமா: வெள்ளியும் ஆகாது.

மீனா: அத்தை, விற்காமல் நானே எடுத்துக்கொள்ளட்டுமா? அன்றைய தங்க விலை தருகிறேன். ஊரிலேயே இருக்கட்டும். ஆச்சி ஞாபகம்.

செல்வி அத்தை: உன் அம்மாவிடம் கேட்டாயா? வளையல் விஷயத்தில் அவள் பேசியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மீனா: அத்தை அது வேறு.

பாலு மாமா: வேன் 18 பேர் வண்டியே சொல்லிவிட்டேன். குறைந்தால் சாமான் வைத்துக்கொள்ளலாம்.

செல்வி அத்தை: சரி, புதன்கிழமை பார்ப்போம். நாளைக்குக் கொத்தனார் முன்பணம் கேட்பார். யார் கொடுப்பது?

பெரியப்பா: முருகேசன் கொடுப்பான். பூக்காசு கணக்கில்.

முருகேசன் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: படித்துவிட்டேன் சித்தப்பா 😂