அம்மா டோக்கியோ வருகிறார்: யோகா, மசாஜ், கம்போ மூன்றும் சேர்ந்த 'பருவ நலத் திட்டம்' தேவையா?

கும்பகோணத்தாள்:

அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கிறோம். பொங்கல் முடிந்த கையோடு அம்மா வருகிறார், மார்ச் கடைசி வரை இருப்பார். வயது 67. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் நீர் பிரிய ஒரு மாத்திரையும் தினமும் காலையில் போடுகிறார். முழங்கால் வலி வேறு. சென்ற முறை வந்தது மே மாதத்தில் என்பதால் இந்த ஊர்க் குளிரை அவர் கண்டதில்லை. எனக்கோ பிப்ரவரி நடுவில் மூக்கு ஒழுகத் தொடங்கினால் செர்ரிப் பூ உதிர்ந்த பிறகும் நிற்காது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை திறந்திருக்கிறார்கள். வாரம் ஒரு யோகா வகுப்பு, ஒரு மசாஜ், கூடவே கம்போ (ஜப்பானிய மரபு மருத்துவம்) மூலிகைப் பொடி. மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்ட வேண்டும். சுவரில் பெரிய வண்ணப் படம்: வசந்தம் கல்லீரலுக்கு, கோடை இதயத்துக்கு, இலையுதிர்காலம் நுரையீரலுக்கு, குளிர்காலம் சிறுநீரகத்துக்கு. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பொடியைத் தீர்மானிப்பார்களாம். அம்மாவிடம் சொன்னேன். "நம் ஊர்ச் சித்த வைத்தியம் மாதிரிதானே, மூலிகையால் என்ன கெடுதல் வந்துவிடும்?" என்கிறார். கணவருக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை.

எனக்கு அடியோடு தள்ளிவிட மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை அம்மா விடமாட்டார். நல்லெண்ணெய் கட்டிக்கொண்டு வருவதாக இப்போதே சொல்லிவிட்டார்.

மருந்துச்சீட்டு:

நான் இங்கே மருந்தகத்தில் வேலை செய்கிறேன். கம்போ பாக்கெட்டுகளைத் தினமும் கையால் எடுத்துக் கொடுப்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கம்போவைக் கேலி செய்ய மாட்டேன். 1967இல் சில கம்போ மருந்துகள் தேசியக் காப்பீட்டுக்குள் வந்தன. இன்று 148 கூட்டு மருந்துகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆங்கில மருத்துவம் படித்த அதே மருத்துவர்தான் இதையும் எழுதித் தருகிறார். அதாவது உங்களுக்கு வேண்டுமென்றால் உங்கள் மூக்கு மருத்துவரிடமே கேட்கலாம், பத்தில் மூன்று பங்கு கட்டினால் போதும். கடைக்கு மூன்று மாதப் பணம் எதற்கு? அம்மா சுற்றுலா விசாவில் வருவதால் காப்பீடு கிடையாது, அவருக்கு முழுப் பணம். பயணக் காப்பீடு எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

மூக்கொழுக்குக்கு வழக்கமாகத் தருவது ஷோசெய்ரியூதோ. பாக்கெட்டில் 19 என்று எண் போட்டிருக்கும். தெளிந்த நீராகக் கொட்டும் மூக்குக்கு நன்றாகவே கேட்கும். தூக்கக் கலக்கம் தராது என்பதற்காகவே பலர் விரும்பி வாங்குகிறார்கள். எட்டுச் சரக்கில் சுக்கு, பட்டை, அதிமதுரம் மூன்றும் அம்மாவுக்குப் பழக்கமானவை. பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது. அதிமதுரம் அதிகமானால் உடம்பில் நீர் தங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். நீர் பிரியும் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை இறக்குபவை. இரண்டும் சேர்ந்தால் கால் வீங்கும், கை கால் வலுவிழக்கும், இதயத் துடிப்பு தடுமாறும். போதாததற்கு எட்டில் ஒன்று மாஓ. எபெட்ரின் இருக்கும் செடி அது, தன் பங்குக்கு அழுத்தத்தை ஏற்றும். சளி பிடித்த முதல் நாள் எல்லாரும் வாங்கிக் குடிக்கும் கக்கொன்தோவிலும் (1ஆம் எண்) மாஓவும் அதிமதுரமும் இருக்கின்றன. அம்மாவுக்கு இரண்டும் வேண்டாம். "மூலிகைதானே" என்று கவுண்டரில் யாராவது சொன்னாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அம்மா தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது அந்தக் கடை. மருந்தகமோ மருந்து விற்கும் உரிமம் பெற்ற கடையோ அல்லாத இடத்தில் கம்போ மருந்தை விற்கக் கூடாது. அவர்கள் தருவது மருந்தென்றால் சட்டப்படி தவறு, வெறும் மூலிகைத் தேநீர் என்றால் நாக்கைப் பார்ப்பது நாடகம். உள்ளே என்னென்ன சரக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

சுவர்ப்படத்தைப் பற்றி. ஐந்து பூதம், ஐந்து உறுப்பு என்பது சீனத்திலிருந்து வந்த பழைய கணக்கு. அதை வைத்து உங்கள் கல்லீரலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மரபில் எனக்குப் பிடித்த புத்தி ஒன்று உண்டு: பருவம் வந்த பிறகு ஓடாதே, வருமுன் தயாராகு. ஒவ்வொரு பருவம் பிறப்பதற்கும் முந்தைய 18 நாட்களுக்கு தோயோ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். பஞ்சாங்கப்படி வசந்தம் பிறப்பது பிப்ரவரி 4 வாக்கில், குளிர் உச்சத்தில் இருக்கும்போதே. சூகி (ஜப்பானிய சிடார் மரம்) மகரந்தம் டோக்கியோவில் பறக்கத் தொடங்குவது கிட்டத்தட்ட அதற்கடுத்த வாரங்களில்தான். மூக்கு மருத்துவர்களும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள்: ஒவ்வாமை மாத்திரையை மகரந்தம் பறக்கத் தொடங்கும் தறுவாயிலேயே ஆரம்பித்தால் அந்தப் பருவம் முழுவதும் அவதி குறையும். ஜனவரிக் கடைசியில் போய்ப் பாருங்கள். மார்ச்சில் வந்து நின்றால் காத்திருப்பு அறையில் இடம் இருக்காது. 2019இல் எடுத்த நாடு தழுவிய கணக்கில் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் 42.5 சதவீதம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலையெங்கும் சூகி நட்டுத் தள்ளியதன் விளைவு இது.

சைதாமா யோகா:

சகோதரி, யோகா பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

மூக்கு அடைத்திருக்கும்போது நாடி சுத்தி (ஒரு மூக்குத் துளை மாற்றி மறு துளையில் மூச்சு விடுவது) செய்யவே முடியாது, முயன்றால் எரிச்சல்தான் மிஞ்சும். அந்த நாட்களில் ஜல நேத்தி (உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது) உண்மையாகவே உதவும், ஒட்டியிருக்கும் மகரந்தத்தைக் கழுவிவிடும். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு. குழாய் நீரை அப்படியே ஊற்றாதீர்கள். உப்பைக் குறைத்தாலும் மூக்கு எரியும். மார்ச்சில் பூங்காவில் பாய் விரித்துச் சூரிய நமஸ்காரம் செய்யும் ஆசையையும் விட்டுவிடுங்கள், சன்னல் சாத்திய அறைதான் நல்லது.

அம்மாவுக்குக் கபாலபாதி (வேகமாக மூச்சை வெளியே தள்ளுவது), மூச்சை உள்ளே அடக்குவது, தலைகீழ் ஆசனம் எதுவும் கூடாது, ரத்த அழுத்தம் இருக்கிறதே. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவது, கணுக்காலைச் சுழற்றுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது போதும். குளிரில் அவர் வெளியே நடக்கப்போவதில்லை. முழங்கால் இறுகுவது பாதி அதனால்தான். காலை எழுந்தவுடன் வேண்டாம், அறை சூடான பிறகு செய்யட்டும். இதற்கு வகுப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை. நீங்கள் கூட உட்கார்ந்து செய்தால் அம்மா செய்வார், தனியாக விட்டால் தொலைக்காட்சி முன்னால் போய்விடுவார்.

தோள்வலிக்காரன்:

மசாஜ் பற்றி என் பங்கு. இந்த நாட்டில் 'அன்மா' என்ற பழைய மசாஜ் (பெயர் 'அம்மா' என்று காதில் விழுந்து நம் வீட்டில் ஒரே சிரிப்பு), ஷியாட்சு (விரலால் அழுத்துவது) செய்பவர்களுக்குத் தேசிய உரிமம் உண்டு. அக்குபஞ்சர் ஊசி குத்துபவருக்குத் தனி உரிமம், மூக்சா (தோல்மேல் மூலிகையை எரித்துச் சூடு கொடுப்பது) சுடுபவருக்குத் தனி உரிமம். குறைந்தது மூன்று ஆண்டுப் படிப்பு. ஆனால் தெருவுக்குத் தெரு இருக்கும் 'செய்தாய்' (உடலைச் சீர்படுத்துவதாகச் சொல்வது), 'ரிலாக்ஸ்' கடைகளுக்கு இந்த உரிமம் தேவையில்லை, அதனால்தான் அவை மலிவு. உரிம அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை, உண்மையானவர்கள் பெருமையாகக் காட்டுவார்கள்.

நான் போகிறவர் பார்வையற்றவர். பார்வையற்றோர் இந்தத் தொழிலில் இருப்பது எடோ காலத்து (1603-1868) மரபு. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற மருத்துவர்தான் மெல்லிய குழாய்க்குள் வைத்து ஊசியைத் தட்டி இறக்கும் முறைக்குப் பெயர் போனவர். இன்றும் ஜப்பானில் ஊசி அப்படித்தான் இறங்குகிறது, குத்தியது தெரிவதேயில்லை. ரியோகோக்கு பக்கம் அவருக்கு ஒரு கோவில்கூட உண்டு. என் தோளைத் தொட்டவுடன் எந்தப் பக்கம் கணினி எலியைப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

உங்கள் அம்மா வயதில் எலும்பு தேய்ந்திருக்கலாம். முதுகில் ஏறி அழுத்தும் கடைகளில் விலா எலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். போவதானால் உரிமம் உள்ளவரிடம், ரத்த அழுத்தத்தையும் முழங்காலையும் முதலிலேயே சொல்லிவிட்டு, மெல்ல.

மருந்துச்சீட்டு:

எண்ணெய்க் குளியலுக்குப் பதில் எழுத மறந்தேன், அதுதான் முக்கியம். எண்ணெய் தேய்ப்பது நல்லது. ஜனவரி வறட்சியில் தோல் வெடிக்கும், மருந்தகத்துக் களிம்புக்கு அது குறைந்ததில்லை. அந்த எண்ணெய்யோடு தொட்டியில் இறங்க வேண்டாம். தரை வழுக்கும், அதே தொட்டி நீரில்தான் வீட்டார் எல்லோரும் அடுத்தடுத்து இறங்குகிறீர்கள். வெளியே உட்கார்ந்து அரப்போ சோப்போ போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டி. நீர் 41 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, 10 நிமிடத்துக்கு மேல் கூடாது. உடை மாற்றும் இடத்தைச் சூடாக்கிவிட்டு அம்மாவை அனுப்புங்கள். குளிர்ந்த அறையிலிருந்து கொதிநீரில் இறங்கி முதியவர்கள் மயங்கிப் போவது இங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடக்கிறது. சுவர்ப்படம் சொல்லாத பருவ ஆபத்து இதுதான்.

எண்ணெய் சுமக்க வேண்டாம். தைஹகு என்று எழுதிய எள்ளெண்ணெய் கேளுங்கள், வறுக்காத எள்ளில் எடுத்தது. சாதாரண கோமா (எள்) எண்ணெய்யைத் தேய்த்தால் அம்மா மீது வறுத்த எள் வாசனை அடிக்கும்.

கும்பகோணத்தாள்:

மருந்துச்சீட்டு அக்கா, எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போய்ச் சரக்குப் பட்டியல் கேட்டேன். "எங்கள் ரகசியக் கலவை" என்று சிரித்தார்கள், வந்துவிட்டேன். ஜனவரிக் கடைசிக்கு எனக்கு மூக்கு மருத்துவர் நேரம் வாங்கிவிட்டேன். அம்மாவின் மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம், ஜப்பானியர்கள் ஜனவரி 7 அன்று செய்யும் ஏழு கீரைக் கஞ்சியை அம்மாவுக்காகக் கொஞ்சம் தள்ளிச் செய்யலாமா? அவர் வருவதே 18ஆம் தேதிதான்.

மருந்துச்சீட்டு:

தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கடைகளில் அந்த ஏழு கீரைக் கட்டு 7ஆம் தேதிக்குப் பிறகு கிடைக்காது. முள்ளங்கி இலையும் டர்னிப் இலையும் எப்போதும் கிடைக்கும், ஏழில் இரண்டு அவைதான். மீதிக்கு அம்மாவிடம் முருங்கைக்கீரைப் பொடி கொண்டுவரச் சொல்லுங்கள். உப்பை மட்டும் நீங்களே போடுங்கள், அவர் கையில் விடாதீர்கள்.