டாலரன்ஸ் என்னும் ஒரு சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நோயெதிர்ப்பியலில் வரும் 'டாலரன்ஸ்' (tolerance) என்னும் சொல்லுக்குத் தமிழ் கேட்டு நம் கலைச்சொல் குழுவுக்கு நான் எழுதிய மடலுக்கு நான்கே நாட்களில் இத்தனை பரிந்துரைகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் 'சகிப்புத்தன்மை' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதுகின்றன என்பதும் உண்மை. ஆனால் மடல்களை எல்லாம் ஒருசேரப் படித்துப் பார்த்தபோது, நான் கேட்ட கேள்வியிலேயே பிழை இருப்பது தெரிந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். நான் குன்னூரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் கையேடு மனிதர், கால்நடை ஆகிய இரு தரப்பின் நோயெதிர்ப்பையும் பற்றியது. அதில் ஓரிடத்தில் வரும் டாலரன்ஸுக்கும் இன்னோர் இடத்தில் வரும் டாலரன்ஸுக்கும் பெயரைத் தவிரப் பொதுவாக எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் ஒட்டிக்கிடப்பதைத் தமிழிலும் ஒட்டியே வைக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

முதல் பொருளை எனக்குப் புரியவைத்தவர் ஓர் ஆட்டுக்காரர். சென்ற மாதம் ஊட்டிக்கு அப்பால், சாண்டிநல்லாப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் ஆட்டுப்பட்டிக்குக் கால்நடை மருத்துவ நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் ஹெமாங்கஸ் புழுவின் இளம்புழுக்கள், இப்படிப் புல் நனைந்து கிடக்கும் நாட்களில்தான் புல்நுனிக்கு ஏறி நிற்கும். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலிட்டர் போயிற்று. நண்பர் ஒத்த வயதுடைய இரண்டு செம்மறிப் பெட்டைகளைப் பிடித்து, இரத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கக் கீழ் இமையை விரலால் இறக்கிக் காட்டினார். ஒன்றின் இமை உட்புறம் கழுவிய துணிபோல் வெளுத்திருந்தது, தாடைக்கடியில் வீக்கமும் இறங்கியிருந்தது. மற்றொன்றின் இமை நல்ல சிவப்பு. இரண்டின் புழுக்கையையும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து மாலையில் நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணியபோது, எண்ணிக்கையில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. வெளுத்த ஆட்டில் எவ்வளவு புழுவோ, சிவந்த ஆட்டிலும் ஏறத்தாழ அவ்வளவே. அதே பட்டியில் மூன்றாவதாக ஓர் ஆடு. அதன் புழுக்கையில் முட்டையைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பட்டிக்காரர் இதை நுண்ணோக்கி இல்லாமலே முன்பே சொல்லியிருந்தார். சிவந்த இமைக்காரியைக் காட்டி, "இது பூச்சிக்குத் தாங்கும் சார்" என்றார். மூன்றாவதைக் காட்டி, "இதுக்குப் பூச்சியே புடிக்காது" என்றார். ஒட்டுண்ணியை உடலில் பெருகவிடாமல் தடுப்பது ரெசிஸ்டன்ஸ், ஒட்டுண்ணி இருந்தும் உடல் கெடாமல் நிற்பது டாலரன்ஸ் என்று ஆய்வுக்கட்டுரைகள் பக்கம் பக்கமாக வகுத்துச் சொல்வதை அவர் இரண்டு வினைச்சொற்களில் முடித்துவிட்டார். நம் பேச்சில் 'தாங்கு' இப்படி நான்காம் வேற்றுமையுடன் வருவது வெகு இயல்பு: மழைக்குத் தாங்கும் கூரை, பனிக்குத் தாங்கும் பயிர், பூச்சிக்குத் தாங்கும் ஆடு. ஆகவே இந்த முதல் பொருளுக்கு 'நோய்தாங்கல்' என்றும், அந்த ஆற்றலைக் குறிக்கையில் 'நோய்தாங்குதிறன்' என்றும் எழுதலாம். இதில் புதிதாக ஆக்குவதற்கு எதுவும் இல்லை. இருப்பதை எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவே.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சொல் மாறினால் பட்டியில் செய்யும் வேலையும் மாறிவிடும். நோய் தாங்கும் ஆடு நலமாக இருந்துகொண்டே மேய்ச்சல் நிலம் முழுவதும் முட்டையைத் தூவிக்கொண்டு போகும். பின்னால் மேய வரும் குட்டிகள்தாம் அதற்கு விலை கொடுக்கும். இமைச் சிவப்பை மட்டும் பார்த்து இனப்பெருக்கத்துக்கு ஆடு தெரிவு செய்பவர் தன்னையறியாமல் புழு பரப்பும் ஆட்டைத் தெரிவு செய்யக்கூடும். இரண்டையும் 'நோயெதிர்ப்புத் திறன் மிக்க ஆடு' என்று கையேட்டில் எழுதினால் நான் அவருக்குத் தீங்கு செய்தவன் ஆவேன். வௌவால்களின் கதையும் இதுவே. பழந்தின்னி வௌவால் நிபா வைரஸைச் சுமந்துகொண்டு நோயின்றிப் பறப்பதற்கு, வைரஸைக் கட்டுப்படுத்தும் ஆற்றலோடு, அழற்சியை அளவோடு நிறுத்திக்கொள்ளும் உடலமைப்பும் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த இரண்டாவது பாதி தாங்கல்தான்.

இனி இரண்டாம் பொருளுக்கு வருகிறேன்: தாக்கக்கூடிய ஒன்றை உடல் தாக்காமல் விடுவது. விவாதம் சூடுபிடித்ததும் இதில்தான்.

நோயெதிர்ப்பு மண்டலம் எதையும் தாக்கக்கூடிய படை. அது தன் சொந்த உடலை ஏன் தாக்குவதில்லை என்ற கேள்விக்கு விடை தேடும் வழியில் கிடைத்த முதல் பெரிய தடயம் ஒரு மாட்டுத்தொழுவச் செய்தி. இரட்டைக் கன்று போடும் பசுவில், ஒன்று காளையும் மற்றது கிடேரியுமாக இருந்தால் அந்தக் கிடேரி பெரும்பாலும் மலடாகிவிடும் என்பது மாடு வளர்ப்போர் அறிந்தது. கருவில் இரண்டின் இரத்த நாளங்களும் இணைந்துவிடுவதே காரணம். 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரே ஓவன் இத்தகைய இரட்டைகளின் இரத்தத்தை ஆராய்ந்து, ஒருகரு இரட்டையாக இல்லாதபோதும் ஒவ்வொரு கன்றின் உடலிலும் மற்றதன் இரத்த அணுக்கள் வளர்ந்த பின்னும் நிலைத்திருப்பதைக் கண்டார். அயலான அணு, ஆனால் உடல் அதை விரட்டவில்லை. பின்னர் பீட்டர் மெடாவரும் அவருடைய உடனாய்வாளர்களும் அத்தகைய இரட்டை மாடுகளுக்கிடையே தோல் ஒட்டு மாற்றிப் பார்த்தார்கள், ஒட்டு நிலைத்தது. 1953இல் கருவிலிருக்கும் எலிகளுக்கு வேறோர் எலியினத்தின் அணுக்களைச் செலுத்தினார்கள். அவை வளர்ந்த பின் அதே இனத்தின் தோலை ஏற்றுக்கொண்டன; மூன்றாவது ஓர் இனத்தின் தோலை வைத்தால் வழக்கம்போல் உதறின. மெடாவருக்கும், இதை முன்பே கோட்பாடாகச் சொல்லியிருந்த மெக்பார்லேன் பர்னெட்டுக்கும் 1960இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகவே.

அந்த மூன்றாவது இனத்தை நண்பர்கள் கவனிக்க வேண்டும். எலியின் எதிர்ப்பு குன்றிப்போயிருந்தால் எல்லாத் தோலையும் விட்டுவைத்திருக்கும். அது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் அடிக்காமல் விட்டது. அடிக்கும் வலு அப்படியே இருந்தது. பிற்கால ஆய்வுகள் இதை இன்னும் அழுத்திச் சொல்கின்றன. நோயெதிர்ப்புப் படையில் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் உண்டு; அவை மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்கையில், தன்னுடலைத் தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே களையெடுக்கப்படுகின்றன. தப்பித்து வெளியே வருபவற்றை அடக்கிவைப்பதற்கென்றே தனி வகை டி செல்கள் காவல் நிற்கின்றன. ஷிமோன் சகாகுச்சி 1995இல் எலிகளில் இந்தக் காவல் செல்களை அடையாளம் காட்டினார். அவற்றை நீக்கினால் உடல் தன்னையே தாக்கத் தொடங்குகிறது. அவருக்கும் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது நினைவிருக்கும்.

இப்போது 'சகிப்பு' என்னும் சொல்லை இதன்மேல் வைத்துப் பாருங்கள். சகிப்பவன் வலியை உணர்கிறான், பல்லைக் கடித்துக்கொள்கிறான். பெரும்பாலும் அவனுக்கு வேறு வழியும் இருப்பதில்லை. வடமொழி வேர் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. அந்த வழக்கில் எனக்கு ஆர்வமும் இல்லை. இங்கே யாரும் எதையும் சகிக்கவில்லை என்பதே என் தடை. 'ஏற்பு' நல்ல சொல், ஆனால் செல் மேற்பரப்பில் இருக்கும் 'ஏற்பி' அதே பத்தியில் பத்துத் தடவை வரும்; மாணவர் தடுமாறுவார். 'இசைவு' திசுப்பொருத்தத்தைக் குறிக்க முன்பே வழங்குகிறது. 'தாக்காமை' பொருளளவில் மிகச் சரியானது, ஆனால் அதிலிருந்து வினையும் பெயரடையும் கிளைக்க மறுக்கின்றன. யாழ்ப்பாணத்து நண்பர் தந்த 'பொறுதி' என்னைச் சரியான பக்கம் திருப்பிவிட்டது. அவருக்குத் தனி நன்றி. தமிழ்நாட்டு வாசகருக்கு அதைவிடப் பழகிய வடிவம் 'பொறை' என்பதால் அதை முன்மொழிகிறேன்.

கலைச்சொல் விவாதத்தில் குறளை இழுக்காமல் நம்மால் இருக்க முடியாது என்று நம் குழுவிலுள்ள மதுரை மருத்துவர் கேலி செய்வார். இந்த ஒருமுறை மன்னிக்கவும். பொறையுடைமை அதிகாரத்தின் முதற்குறள் தன்னை அகழ்வாரைச் சுமக்கும் நிலத்துக்குத் 'தாங்கும்' என்ற வினையையும், தன்னை இகழ்வாரை விட்டுவிடும் மனிதனுக்குப் 'பொறுத்தல்' என்ற வினையையும் தருகிறது. நிலம் வெட்டுப்படுகிறது, ஆனாலும் நிற்கிறது. அது என் சிவந்த இமை ஆடு. மனிதனோ திருப்பி அடிக்கக்கூடியவன், அடிக்காமல் விடுகிறான். அது மெடாவரின் எலி. உவமையில் இரண்டும் சேர்த்து வைக்கப்பட்டாலும் வினைகள் வேறாகவே நிற்கின்றன. நமக்குத் தேவையான பிரிவு அதுதான்.

பொறை முறிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குன்னூர்க்காரனான எனக்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. இங்குள்ள பாஸ்டியர் நிறுவனம் 1907இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து தரத் தொடங்கியது. நாடெங்கும் பல பத்தாண்டுகள் வழங்கிய மருந்து, ஆங்கிலேய மருத்துவர் டேவிட் செம்பிள் இமாசலத்துக் கசௌலியில் உருவாக்கிய முறைப்படி, நோய்க்கிருமி ஏற்றிய ஆட்டின் மூளைத்திசுவிலிருந்து செய்யப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று ஒரு தலைமுறையே நடுங்கியது அதைத்தான். என் அண்ணனுக்குப் போட்டபோது நான் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். வெறிநோயிலிருந்து எண்ணற்றோரைக் காத்த அந்த ஊசிக்கு ஒரு கேடும் இருந்தது: போட்டுக்கொண்டோரில் சிலருக்கு நரம்பு வாதம் வந்தது. நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறையின் புரதம் ஆட்டிலும் மனிதனிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், ஆட்டு மூளையைத் திரும்பத் திரும்பச் செலுத்தும்போது உடல் அதற்கெதிராகக் கிளர்ந்து, பின் தன் சொந்த நரம்புறையையே தாக்கியது. அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் ரிவர்ஸ் 1933இல் குரங்குகளுக்கு மூளைத்திசுச் சாற்றை மட்டும் பலமுறை செலுத்தி, கிருமி எதுவும் இன்றியே இதே வகைக் கேட்டை உண்டாக்கிக் காட்டினார். இப்போது செல் வளர்ப்பில் செய்யும் மருந்து வந்துவிட்டதால் அந்த ஊசி வழக்கொழிந்தது. 'சகிப்புத்தன்மை இழப்பால் வாதம் வந்தது' என்று இதை எழுதினால் படிப்பவர் சிரிப்பார். 'மயலினுக்கான பொறை முறிந்து உடல் தன் நரம்புறையைத் தாக்கியது' என்றால் நடந்தது அப்படியே தெரிகிறது.

மதுரை மருத்துவரின் எதிர்வாதம் வலுவானது, அதை மழுப்ப விரும்பவில்லை. பொறை என்றால் சுமை என்றும் பொருள், மலை என்றும் பொருள்; ஆகவே அதுவும் தாங்குதலின் பக்கமே சாயும், இரண்டையும் பிரிக்க வந்த சொல்லே இரண்டையும் கலக்கும் என்கிறார். மலையில் இருந்துகொண்டு மலைக்குப் பெயரான சொல்லைப் பரிந்துரைப்பதில் எனக்கொரு சார்பு இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார், இருக்கலாம்தான். ஆனால் இன்று பொறை என்றதும் படித்தவர் காதில் விழுவது பொறுமைதான். சுமை என்னும் பொருள் பழைய செய்யுளில் தங்கிவிட்டது. அதோடு பொறைக்குக் கரு என்னும் பொருளும் உண்டு. தந்தை வழியில் பாதி அயலான கருவைத் தாயின் உடல் பத்து மாதம் தாக்காமல் வைத்திருப்பது இத்துறையின் பெரும் கேள்விகளுள் ஒன்று என்பதால், அந்தப் பழம்பொருள் நமக்குக் குறுக்கே நிற்கவில்லை. இதை நான் வாதமாக வைக்கவில்லை. தற்செயல் ஒற்றுமை என்ற அளவில் குறிப்பிடுகிறேன்.

கிளைச்சொற்களையும் எழுதிப் பார்த்தேன். தன்னுடல் மீதான பொறை 'தற்பொறை'. தைமஸில் அமைவது 'மையப் பொறை'. வெளியே காவல் செல்களால் காக்கப்படுவது 'புறப்பொறை'. உணவின் மீது குடல் காட்டுவது 'உணவுப் பொறை'. உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் நோயாளியின் உடலைப் புதிய சிறுநீரகத்துக்குப் 'பொறைப்படுத்துதல்' என்று வினையும் எளிதாக வருகிறது. பால் குடித்தால் வயிறு உப்புவோரின் நிலையை இதில் சேர்க்க வேண்டாம். அது நொதிக் குறை, 'பால் ஒவ்வாது' என்று வீட்டில் சொல்வதே போதும். நாளாக நாளாக ஒரு மருந்துக்கு உடல் பழகி அளவு கூட்ட நேர்வதும் வேறு. அதற்குப் 'பழக்கம்' இருக்கிறது.

எனக்கு இன்னும் முடிச்சு அவிழாமல் இருப்பது, பொறையை உண்டாக்கும் பொருளைக் குறிக்கும் சொல். 'பொறையூக்கி' என்று எழுதினேன். ஆனால் கால்நடைப் பகுதியைப் படித்துப் பார்த்த நண்பருக்கு அது 'பொறி ஊக்கி' என்று பட்டிருக்கிறது, ஏதோ டீசல் எஞ்சின் சமாசாரம் என்று நினைத்துவிட்டாராம். 'பொறையாக்கி' பரவாயில்லையா, வேறு ஏதேனும் தோன்றுகிறதா? அச்சகத்துக்குக் கோப்பு வரும் திங்கட்கிழமை போகிறது. அதற்குள் மறுப்பு வராவிட்டால் முதல் பகுதியில் 'நோய்தாங்கல்', இரண்டாம் பகுதியில் 'பொறை' என்றே போட்டுவிடுகிறேன். ஆக்கிக்கு மட்டும் ஞாயிறு மாலை வரை காத்திருக்கிறேன்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து