‘வோட் பை மெயில்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? துண்டறிக்கைக்கு உதவி வேண்டும்

மீ.சு. (சான் ஹோசே) எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளோடு இங்கு வந்து குடியேறி, குடியுரிமை பெற்று, முதன்முறையாக வாக்களிக்கவிருக்கும் தமிழ் முதியோருக்காக ஒரு துண்டறிக்கை தயாரித்துவருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். கலிபோர்னியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவுசெய்து நடப்பிலுள்ள வாக்காளர் ஒவ்வொருவருக்கும் கேட்காமலேயே வாக்குச்சீட்டு அஞ்சலில் வந்துவிடுகிறது; தேர்தலுக்கு 29 நாள்களுக்கு முன்பே அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். மாநில ஆளுநர் முதல் நகரமன்ற உறுப்பினர், பள்ளி வாரிய உறுப்பினர் வரை அனைவரையும் அந்தச் சீட்டிலேயே தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் அமர்ந்து குறியிட்டு, உறையிலிட்டு ஒட்டி, உறையின்மேல் கையொப்பமிட்டு, தபால்தலை ஒட்டாமலே அனுப்பிவிடலாம்; அல்லது தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அதற்கென வைத்திருக்கும் பெட்டியிலோ வாக்குச்சாவடியிலோ சேர்த்துவிடலாம்.

இதற்கு நாங்கள் முதலில் ‘தபால் ஓட்டு’ என்றே தலைப்பிட்டோம். படித்துக் காட்டியபோது ஒரு பெரியவர், “அது எலெக்‌ஷன் டியூட்டிக்குப் போகிறவர்களுக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கும் உள்ளதாயிற்றே, நமக்கு எதற்கு?” என்று கூறித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. தமிழ்நாட்டில் அச்சொல் அந்தப் பொருளில்தான் வேரூன்றியிருக்கிறது. எனவே இம்முறைக்கு ஒரு பெயரும், தபால் நிலையத்தில் உறையின்மேல் தேதியோடு குத்தும் ‘போஸ்ட்மார்க்’ என்பதற்குக் குழப்பமில்லாத ஒரு சொல்லும், கையொப்பம் பொருந்தாதபோது அதைச் சரிசெய்யும் ‘க்யூர்’ என்னும் நடைமுறைக்கு ஒரு சொல்லும் தேவைப்படுகின்றன.

ந.செ. (கோவை) எழுதியது:

அம்மா, ‘தபால்’ என்பதை விட்டொழிக்க இது நல்ல வாய்ப்பு. அது மராத்தியிலும் வழங்கும் வேற்றுச்சொல். ‘ஓட்டு’ ஆங்கில ‘வோட்டு’ தேய்ந்தது. ‘வாக்கு’ வடமொழி ‘வாக்’ என்பதன் வழி வந்தது. மூன்றையும் நீக்கிவிட்டு ‘அஞ்சல் ஒப்போலை’ என்று வழங்கலாம். ஒப்புதலைத் தெரிவிக்கும் ஓலை ஒப்போலை. உத்திரமேரூரில் குடவோலை இட்டுத் தேர்ந்தெடுத்த மரபினர் நாம். ஓலை என்னும் சொல்லுக்கு நம் தேர்தல் மரபில் ஆயிரம் ஆண்டு உரிமை உண்டு.

இரா.க. (மதுரை) எழுதியது:

உத்திரமேரூரைத் துணைக்கு அழைப்பதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறுவது திருவுளச்சீட்டு முறையை. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. ஆகவே குடவோலையிலிருந்து ஒப்போலைக்குப் பாலம் கட்ட இயலாது.

ஆனால் அம்மையாரின் இரண்டாம் வினாவுக்கு அகநானூற்றின் 77ஆம் பாட்டில் வியக்கத்தக்க ஒப்புமை இருக்கிறது. ‘கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார் பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்களின்’ என்று மருதனிளநாகனார் பாடுகிறார். கயிற்றால் கட்டிய குடத்தின் மேலிட்ட பொறியை, அதாவது இலச்சினையை, முதலில் ஆராய்ந்து பார்த்து, பின்னர் அதை நீக்கி, உள்ளிருக்கும் ஓலையை எடுக்கும் அலுவலர்கள்! உறையின் மேலுள்ள கையொப்பத்தை முதலில் ஒப்புநோக்கி, அதன் பிறகே உறையைப் பிரிக்கும் இன்றைய மாவட்ட அலுவலரின் வேலையும் அதே வரிசையில்தான் நடக்கிறது. எனவே போஸ்ட்மார்க்குக்கு ‘அஞ்சற்பொறி’ என்று முன்மொழிகிறேன்.

‘அஞ்சல்’ பற்றியும் ஒரு சொல். திருவிதாங்கூர் அரசின் அஞ்சல் துறை 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணையும் வரை அப்பெயரிலேயே இயங்கியது. அதன் வேர்ச்சொல் எதுவாயினும் ஆகுக. ‘அல்’ ஈறு எதிர்மறை ஏவலாகவும் வரும் என்பதால், ‘அஞ்சல்’ என்பதற்கு ‘அஞ்சாதே’ என்ற பொருளும் உண்டு. ‘பயனில்சொல் பாராட்டு வானை மகன்எனல் மக்கட் பதடி எனல்’ என்னும் குறளில் முதல் ‘எனல்’ எதிர்மறை, இரண்டாவது உடன்பாடு. முதன்முறை வாக்களிக்கும் முதியவருக்கு ‘அஞ்சல்’ என்று சொல்லித் தொடங்குவதைவிடப் பொருத்தம் வேறென்ன?

ஜெ.அ. (டொராண்டோ) எழுதியது:

இரா.க. ஐயாவின் அகநானூற்று மேற்கோளை மிகவும் சுவைத்தேன். ஆனால் ‘பொறி’ என்றால் இன்று எலிப்பொறியும் பொறியியலும்தான் நினைவுக்கு வரும். துண்டறிக்கையில் அதற்கு உரை எழுத இடமிராது.

இலங்கையில் ‘தபால் மூல வாக்களிப்பு’ என்பதே அரச வழக்கு. அதுவும் அரச உத்தியோகத்தர், பொலிசார், படையினர் போன்றோருக்கானது. பெயரில் தபால் இருந்தாலும், வாக்காளர் தம் அலுவலகத்தில், அத்தாட்சிப்படுத்தும் உத்தியோகத்தர் முன்னிலையில்தான் சீட்டில் அடையாளமிடுவார். ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதியவரும் உங்கள் பெரியவரைப் போலவே ‘இது எனக்கில்லை’ என்றுதான் எண்ணுவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘முத்திரை’யில் இருக்கிறது. போஸ்ட்மார்க்கைத் தமிழ்நாட்டில் ‘தபால் முத்திரை’ என்கிறீர்கள். எங்களுக்கு முத்திரை என்றால் கடிதத்தில் ஒட்டும் தலை. ‘தேர்தல் நாளுக்குள் முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும்’ என்று எழுதினால், எங்கள் அம்மம்மா முத்திரை வாங்கி ஒட்டி, மேசைமேல் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார். ஒட்டத் தேவையே இல்லாததை ஒட்டி, குத்தப்பட வேண்டியதைத் தவறவிடுவார். ஆகவே இங்கு சொல்லைவிட வினைதான் முக்கியம்: தலை ‘ஒட்டுவது’, தேதி ‘குத்துவது’. ‘தபால் நிலையத்தில் குத்தும் தேதி’ என்றால் சென்னையிலும் புரியும், வவுனியாவிலும் புரியும். ‘தேதி’யை நாங்கள் ‘திகதி’ என்போம். அதற்காகச் சண்டைக்கு வரமாட்டோம்.

வி.பா. (பிலடெல்பியா) எழுதியது:

இந்த இழையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் துண்டறிக்கை வாட்ஸாப்பில் மாநில எல்லைகளைத் தாண்டிவிடும். கலிபோர்னியாவில் 2024 பொதுத் தேர்தலில், தேர்தல் நாளுக்குள் தேதி குத்தப்பட்டு ஏழு நாள்களுக்குள் வந்துசேர்ந்த சீட்டை ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் பென்சில்வேனியாவிலோ அதே தேர்தலில் குத்திய தேதியால் பயனில்லை; இரவு 8 மணிக்குள் உறை தேர்தல் அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும். அதோடு எங்களுக்கு இரண்டு உறைகள். வாக்குச்சீட்டை மறைவுக்கான உள்ளுறையில் இட்டு, அதை வெளியுறையில் இட வேண்டும். உள்ளுறை இல்லாத சீட்டை எண்ணக்கூடாது என்று எங்கள் மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. டெக்சாஸில் 65 வயது நிறைந்தோர், உடற்குறை உடையோர், வாக்குப்பதிவுக் காலத்தில் ஊரில் இல்லாதோர் முதலிய சிலருக்கு மட்டுமே, அதுவும் விண்ணப்பித்தால்தான், சீட்டு வரும். எனவே எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், தலைப்பிலேயே ‘கலிபோர்னியா வாக்காளருக்கு’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்திலும் இதே இடர் இருந்தது. ஊரில் இல்லாதவர் வாக்கு என்னும் பொருள்தரும் ‘ஆப்சென்டீ’ என்ற பெயரே முன்பு வழங்கியது. கலிபோர்னியாவில் காரணம் கூறாமலே அதைக் கேட்டுப் பெறும் உரிமை 1970களின் இறுதியில் வந்துவிட்டது. பழைய பெயர் சட்டநூலில் நெடுங்காலம் நீடித்து, பின்னரே ‘வோட் பை மெயில்’ ஆனது. எங்கள் மாநிலத்தில் 2019ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பிறகு இரண்டும் தனித்தனி வகைகளாகவே நிற்கின்றன. எனவே தமிழிலும் இரு சொற்கள் தேவை. ஊரில் இல்லாதவருக்கும் பணியில் இருப்பவருக்கும் உரியது ‘தபால் வாக்கு’ என்று இருக்கட்டும். எல்லோருக்கும் உரியதை ‘வீட்டுவழி வாக்களிப்பு’ என்று சொல்லிப் பார்க்கலாமா?

இரா.க. எழுதியது:

வீட்டுவழி என்பது செவிக்கு இனிது; ஆனால் தமிழ்நாட்டின் அண்மைக்கால நடைமுறை அதற்கு இடம் தரவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் வயது வரம்பு 85 ஆனது. அங்கே தேர்தல் அலுவலர்களே பெட்டியோடு வீட்டுக்கு வருகிறார்கள். அதைக் கேள்விப்பட்ட முதியவர், சான் ஹோசேயிலும் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருப்பார். காத்திருந்தால் நாள் கடந்துவிடும். ‘அஞ்சல்வழி வாக்களிப்பு’ என்பதே போதும். ‘வழி’ என்னும் சொல் ஆளைக் குறிக்காமல் முறையைக் குறிக்கிறது. யாருக்குரியது என்பதைப் பெயரின்மேல் ஏற்றாமல் அடுத்த வரியில் கூறிவிடலாம்.

மீ.சு. எழுதியது:

‘வழி’ எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. இனி மூன்றாவதற்கு வருவோம். எனக்கு மிகுந்த கவலை அளிப்பது அதுதான். உறையின் மேலுள்ள கையொப்பத்தை வாக்காளர் பதிவேட்டில் இருக்கும் கையொப்பத்தோடு ஒப்பிடுகிறார்கள். நம் முதியோரில் பலர், ஓட்டுநர் உரிமத்துக்கு ஆங்கிலத்தில் ஒப்பமிட்டிருப்பார்கள்; வாக்குரிமை கிடைத்த பெருமிதத்தில் உறையின்மேல் தமிழில் ஒப்பமிடுவார்கள். சிலருக்குக் கை நடுக்கத்தால் எழுத்து மாறியிருக்கும். சிலர் ஒப்பமிடவே மறந்திருப்பார்கள். அப்போது மாவட்டத் தேர்தல் அலுவலகம் ஒரு படிவத்தோடு கடிதம் அனுப்பும். அதில் கையொப்பமிட்டுக் கெடுவுக்குள் திருப்பி அனுப்பினால் வாக்கு எண்ணப்படும். கவனியாமல் விட்டால் எண்ணப்படாது. இந்த நடைமுறையைத்தான் ‘க்யூர்’ என்கிறார்கள். கணினி மொழிபெயர்ப்பு ‘உங்கள் வாக்குச்சீட்டைக் குணப்படுத்துங்கள்’ என்று தந்தது. ‘குறைதீர்ப்பு’ என்று எழுதிப் பார்த்தோம். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் கூட்டம் போல, மனு கொடுப்பதற்கான இடம் என்று புரிந்துகொண்டார்கள்.

ந.செ. எழுதியது:

‘செப்பமாக்கல்’ என்னலாம். அல்லது ‘பிழைதிருத்தம்’.

இரா.க. எழுதியது:

இலக்கணத்தில் இதற்கு நேரான கருத்து ‘வழுவமைதி’. வழு உண்டு என்பது வெளிப்படை. தக்க காரணம் இருப்பதால் அதை வழுவன்று என்று ஏற்றுக்கொள்கிறோம். மகிழ்ச்சி மிகுதியால் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வதை ஆசிரியர் ஏற்றுக்கொள்வது போல, கை நடுங்கி மாறிய கையொப்பத்தையும் அலுவலர் ஏற்றுக்கொள்கிறார். ‘கையொப்ப வழுவமைதி’ என்று ஆளலாம்.

வி.பா. எழுதியது:

ஐயா, கருத்து அழகானது. ஆனால் வழுவமைதியில் ஏற்றுக்கொள்பவர் இலக்கண ஆசிரியர். இங்கோ வாக்காளர்தாம் எழுந்து ஒரு செயலைச் செய்ய வேண்டும். அதைச் சொல் உணர்த்தவில்லை. ‘பிழைதிருத்தம்’ இன்னும் இடர்ப்பாடானது. போட்ட வாக்கையே மாற்றிக்கொள்ளலாம் என்று படிப்பவர் நினைப்பார். உறைக்குள் இருக்கும் சீட்டை யாரும் தொடப்போவதில்லை. ‘இது நான் இட்ட கையொப்பம்தான்’ என்று வாக்காளர் உறுதி கூறுகிறார், அவ்வளவே. கலிபோர்னியாப் படிவத்தின் பெயரும் ஏறக்குறைய அந்தப் பொருளில்தான் இருக்கிறது. ஆகவே ‘கையொப்பத்தை உறுதிப்படுத்துதல்’ என்று எழுதுங்கள். ஒப்பமிட முடியாதவருக்கான வரியையும் சேர்த்துவிடுங்கள். சாட்சி ஒருவர் முன்னிலையில் குறியிட்டால் ஏற்றுக்கொள்ளப்படும் என்பதைக் ‘கைநாட்டு’ என்ற சொல்லால் எளிதாக விளக்கிவிடலாம்.

ஜெ.அ. எழுதியது:

கைநாட்டு எங்களிடமும் உண்டு. உறுதிப்படுத்தலுக்கு என் ஆதரவு. இன்னொன்று: தேர்தல் நாள் மாலையில் தெருவோரத் தபாற்பெட்டியில் போட்டால், அடுத்த நாள் திகதி குத்தப்படக்கூடும். கடைசி நாளில் வாக்குச்சீட்டுப் பெட்டிக்கு நேரே போகும்படி தடித்த எழுத்தில் போடுங்கள்.

மீ.சு. எழுதியது:

நன்றி. நாளை காலை கோப்பு அச்சகத்துக்குச் செல்கிறது. தலைப்பு: ‘கலிபோர்னியா வாக்காளருக்கு: அஞ்சல்வழி வாக்களிப்பு’. அதன் கீழே, ‘பதிவுசெய்த எல்லோருக்கும் உரியது, அரசு ஊழியராக இருக்க வேண்டியதில்லை, அதிகாரிகள் வீட்டுக்கு வரமாட்டார்கள், நீங்களே அனுப்ப வேண்டும்’. உள்ளே ‘தபால்’ என்னும் சொல் அப்படியே இருக்கும். ‘தபால்காரர்’ என்றுதான் அவர்கள் நாள்தோறும் சொல்கிறார்கள். போஸ்ட்மார்க்குக்குத் தனிச்சொல் இல்லை, ‘ஸ்டாம்பு ஒட்ட வேண்டாம், தபால் நிலையத்தில் குத்தும் தேதி, தேர்தல் நாளாகவோ அதற்கு முந்தியதாகவோ இருக்க வேண்டும்’ என்று வாக்கியமாகவே எழுதியிருக்கிறோம். தேதி குத்தும் இடத்தைக் காட்ட உறையின் படத்தில் ஒரு வட்டமும் இட்டிருக்கிறோம். க்யூருக்கு வி.பா. அவர்களின் சொல்.

ந.செ. எழுதியது:

பெரும்பான்மையை மதிக்கிறேன், உடன்படவில்லை. தலைப்பில் அஞ்சலும் உள்ளே தபாலுமாக ஒரே தாளில் இரு சொற்கள் வருவது எந்தக் கலைச்சொல் நெறிக்கும் ஒவ்வாது. முதியோருக்குப் புரியாது என்பதும் முழுக் காரணமாகாது. ‘பேருந்து’ என்னும் சொல்லையும் ஒருகாலத்தில் யாரும் புரிந்துகொள்ளாமல்தான் இருந்தார்கள். பள்ளி வாரியத் தேர்தலுக்காக இளையோருக்கென்று தனித் துண்டறிக்கை போடுவதாக இருந்தால், அதிலாவது ‘ஒப்போலை’யை ஒரு முறை ஆண்டு பாருங்கள். சொற்பட்டியலை நானே அனுப்பித் தருகிறேன்.