கானா நாட்டுக் காராமணிக் குழம்பு ‘ரெட் ரெட்’: காராமணி மசியாம குழம்பு தண்ணியா நிக்குது

கேள்வி: 1 கப் வெள்ளைக் காராமணி, 3 தக்காளி, செம்பனை எண்ணெய் (சிவப்பு பாமாயில்). எல்லாம் ஒண்ணா கொதிக்குது, ஆனா பயறு முழுசாவே நிக்குது. கூட வைக்கிற நேந்திரம்பழமும் எண்ணெய் குடிக்குது. என்ன காரணம்?

பதில் 1: தக்காளிப் புளிப்புல காராமணித் தோல் இறுகிடும். ஊறவெச்ச பயறைத் தனியா, விரல்ல நசுக்கினா மாவாகுற வரைக்கும் வேகவிடுங்க. அந்தத் தண்ணியைக் கொட்டாதீங்க. கால் கப் செம்பனை எண்ணெய்ல வெங்காயம், இஞ்சி, மிளகாய், அரைச்ச தக்காளி போட்டு, ஓரத்துல சிவப்பா எண்ணெய் பிரியணும். 15 நிமிஷமாவது ஆகும். இதுல அவசரப்பட்டா பச்சை வாசனை போகவே போகாது. அப்புறம் பயறு, அது வெந்த தண்ணி அரை கப். ரெண்டு கரண்டி பயறை மசிச்சு விட்டா குழம்பு தானா சேரும்.

பதில் 2: செம்பனை எண்ணெயைப் புகைய விடாதீங்க, நிறம் வெளுத்துடும். காய்ஞ்ச இறால் பொடி 1 ஸ்பூன் போடலேன்னா என்னைக் கேட்டா அது பாதி ரெட் ரெட்தான்.

பதில் 3: பழம் மஞ்சள் தோல்ல கரும்புள்ளி விழுந்த பதம்தான் சரி. முழுசா கறுத்தா எண்ணெய் குடிக்கும். எண்ணெய் நல்லா காய்ஞ்சதும் அரை அங்குலத் துண்டா, நெருக்காம போடுங்க. பரிமாறும்போது மேல காரி தூவுங்க: புளிக்கவெச்சு வறுத்த மரவள்ளி ரவை.